கருவை வெட்டும் ரம்பத்துக்கு எந்தச் செயின்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீமைக் கருவேல மரங்களை அகற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்குப் பிறகு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய், ஊருணி, பட்டா நிலம் என்று கருவை வெட்டு விட்டு விட்டு நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஏலம் எவ்வளவுக்குப் போனது, நிலத்தடி நீர் ஏறுமா என்பதெல்லாம் எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் அந்த மரத்தை வெட்டுகிறவர் கையில் இருக்கும் செயின் ரம்ப மெஷினைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கூலியும் அதில்தான் போகிறது, கையும் காலும் அதில்தான் போகிறது. அதனால் இந்தக் கடிதம்.

நான் கமுதி பக்கம் விறகுக் கடை நடத்துகிறேன். ஓட்டல்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் கருவை விறகு கொடுக்கிறோம். தூர்க்கட்டை செங்கல் சூளைக்குப் போகும், மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்களும் வந்து எடுப்பார்கள். என் மாமனார் காலத்தில் கோடாரியும் கை ரம்பமும்தான். இப்போது மெஷின் இல்லாமல் கட்டுப்படியாகாது. மெஷினைப் பிடித்து வெட்டுவது ஆண்கள், ஆனால் கடையில் செயினுக்கு அரம் போட்டுக் கூர் ஏற்றுவது நான்தான். சுற்று வட்டாரத்தில் செயின் வெட்டவில்லை என்றால் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். அப்படி வருகிறவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் வருவது ஒரே மாதிரிதான். 58 சி.சி. என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின், 22 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. "பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்லக்கா" என்பார்கள். போன கோடையில் ஒரு தம்பி அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "செயின் புதுசுக்கா, ஆனா மெஷின் இழுக்க மாட்டேங்குது" என்றார். மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால், கிளட்ச் மூடிக்குள் ஒட்டியிருந்த தூளைத்தான் விரலால் எடுத்துப் பார்த்தேன். கோதுமை மாவு மாதிரி இருந்தது. கூர் உள்ள செயின் மாவு தள்ளாது, சிராய் சிராயாகத் தள்ளும். பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வெட்டும் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னியது. நல்ல கூரில் வெளிச்சம் நிற்காது. மழுங்கிய இடத்தில்தான் மின்னும். ஒரு பல் விடாமல் எல்லாம் மின்னின. அந்தச் செயினுக்கு ஒரு குறையும் இல்லை. காய்ந்த கருவைக்கு ஏற்ற வகை இல்லை, அவ்வளவுதான். அதோடு கட்டையைத் தரையில் போட்டு அறுத்திருக்கிறார்கள்.

முதலில் அளவைச் சொல்கிறேன். எங்கள் கண்மாய்க் கருவை பெரும்பாலும் தொடைப் பருமன், மிஞ்சினால் ஓர் அடி விட்டம். தூரில் கொஞ்சம் கூடும். 16 அங்குல பார் இருந்தாலே போதும். அதைவிடப் பருத்த கட்டையை இரண்டு பக்கமாகத் திருப்பி அறுத்துக்கொள்ளலாம். 22 அங்குல பாரில் ஓடும் செயினில் வழக்கமாக 86 உள் கண்ணி (பாரின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி), இரண்டு கண்ணிக்கு ஒரு பல் என்று 43 பல். 16 அங்குலத்தில் 62 கண்ணி என்றால் 31 பல்தான். பன்னிரண்டு பல் கூடுதலாக ராவ வேண்டும், அவ்வளவு நீளச் செயினை இழுக்க என்ஜின் கூடுதலாகத் திணற வேண்டும், எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கருவை ஒற்றைத் தண்டாக வளர்கிற மரமா? தூரிலிருந்தே நாலைந்து கிளை பிரிந்து பின்னிக்கொண்டு நிற்கும். நீள பாரின் நுனி, நாம் அறுக்கும் கட்டைக்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள் மறைந்திருக்கும் கிளையில் போய் இடிக்கும். அதில்தான் ஆபத்து, பின்னால் சொல்கிறேன்.

என்ஜின் 45 முதல் 50 சி.சி. வரை இருந்தால் நாள் முழுக்க விறகு வெட்டலாம். சி.சி. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், கிலோவாட் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டில் எம்.எஸ். 250 என்பது 45 சி.சி., 2.3 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே. ஹஸ்க்வர்னா 450 என்பது 50 சி.சி., 2.4 கிலோவாட். இந்த இரண்டையும் வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. நடுத்தர மெஷின் என்றால் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவாகச் சொல்கிறேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்தத் திறன் இருந்து, பாகங்கள் பரமக்குடியிலோ அருப்புக்கோட்டையிலோ கிடைத்தால் சரி. 30 சி.சி. சின்ன மெஷின் தோப்பில் கிளை கழிக்க நன்றாக இருக்கும். அதை வைத்துக் கருவைத் தூரை அறுத்தால் மெஷினும் சூடேறும், ஆளும் சோர்ந்துபோவார். 70 சி.சி. மெஷின் புளியும் வாகையும் அறுக்கிற மரக்கடைக்குச் சரி. விறகுக்கு அந்தப் பாரத்தை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது செயின். கடைக்காரர்கள் வாய் திறந்து சொல்லாத விஷயம் இது.

செயின் பல்லில் இரண்டு வகை முக்கியம். ஒன்றில் பல்லின் மூலை கூராக, சதுரமாக மடிந்திருக்கும். ஃபுல் சிசல் என்பார்கள். இன்னொன்றில் அந்த மூலை வளைந்து உருண்டிருக்கும். அது செமி சிசல். பச்சை மரத்தில், சுத்தமான மரத்தில் ஃபுல் சிசல் வேகமாக வெட்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் வேலை முழுக்க அந்த மூலையில்தான் இருக்கிறது. அது மண்ணில் ஒரு தடவை பட்டு மழுங்கிவிட்டால் செயின் முழுக்க நின்றுபோகும். செமி சிசல் கொஞ்சம் நிதானமாக வெட்டும், கூர் நின்று பிடிக்கும், ராவுவதும் எளிது. கண்மாய்க் கருவையின் பட்டையில் வண்டல் ஒட்டியிருக்கும். பட்டுப்போன மரமாக இருந்தால் கறையான் மண்ணால் மூடிக்கொண்டிருக்கும். ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கிப் போட்ட தூரில் வேர் இடுக்கெல்லாம் சரளைக் கல். கட்டையோ இரும்பு. இப்படிப்பட்ட மரத்துக்கு செமி சிசல்தான்.

எப்படிக் கேட்டு வாங்குவது? ஸ்டில் செயினில் ஆர்.எம். என்று இருந்தால் செமி, ஆர்.எஸ். என்று இருந்தால் ஃபுல். ஒரேகான் கம்பெனியின் 0.325 அங்குலச் செயினில் (இது என்ன அளவு என்று அடுத்துச் சொல்கிறேன்) 20, 21, 22 என்ற எண்ணுக்குப் பின்னால் பி.பி.எக்ஸ். வந்தால் செமி, எல்.பி.எக்ஸ். வந்தால் ஃபுல். டப்பாவில் இந்த எழுத்துகள் இருக்கின்றன. டப்பா இல்லாமல் ரோலில் இருந்து வெட்டி இணைத்துக் கொடுக்கும் செயின் என்றால் பல்லின் மூலையைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும்.

வகை சரியாக இருந்தாலும் அளவு பொருந்த வேண்டும். "18 இஞ்ச் செயின் ஒன்று கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து மாட்ட முடியாமல் தவித்தவர்கள் நிறைய. 18 அங்குல பாரிலேயே ஒரு கம்பெனிக்கு 68 கண்ணி, இன்னொரு கம்பெனிக்கு 72 கண்ணி. வேண்டியது மூன்று எண். முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், மூன்று ரிவிட்டுக்கும் சேர்த்துப் பதினாறரை மில்லிமீட்டர் இருந்தால் அது 0.325 அங்குல வகை. பதினெட்டரைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் எட்டில் மூன்று அங்குல வகை. இரண்டாவது, பாரின் காடிக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்: 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். 1.6 காடியில் 1.5 செயினைப் போட்டால் ஆடிக்கொண்டு ஓடும், வெட்டு கோணலாகப் போகும். மாற்றிப் போட்டால் உள்ளேயே இறங்காது. மூன்றாவது கண்ணிகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் பாரின் அடிப்பகுதியில், மெஷினோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் அச்சடித்திருக்கும். எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

கூர் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். புதுச் செயினுக்குச் செலவழிப்பவர்கள் அரத்துக்குச் செலவழிப்பதில்லை. பழைய பல் மழுங்கியதும் பட்டறையில் கொடுத்து மோட்டார் சாணையில் வைக்கிறார்கள். வேகமாக முடிகிறது. ஆனால் கல்லை அழுத்திப் பிடித்தால் பல் சூடாகி நீலம் பாரித்துவிடும். நீலம் பாரித்த பல்லில் எஃகின் பதம் போய்விட்டது. அப்புறம் எவ்வளவு ராவினாலும் கூர் நிற்காது. அப்படி நீலமான செயின்கள் என்னிடம் வந்தால் திருப்பித்தான் கொடுக்கிறேன்.

0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். 3/8 லோ புரொஃபைல் என்னும் சின்னச் செயினுக்கு 4 மில்லிமீட்டர். பெரிய 3/8-க்கு 5.2. அளவு மாறினால் பல்லின் வளைவே மாறிவிடும். பாரை வைஸில் இறுக்கி, செயின் ஓடாமல் பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். பல்லின் மேல்தட்டில் பின்பக்கமாக ஒரு சாய்ந்த கோடு இருக்கும். அதற்கு இணையாக அரத்தைப் பிடித்தால் 30 டிகிரி தானாக வரும். அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் அரம் சீக்கிரம் வழுக்கிப்போகும். ஒரு பக்கத்துப் பல்லை எல்லாம் முடித்துவிட்டு மறு பக்கம் திரும்பி உட்கார்ந்து மற்றதை முடிப்பது நல்லது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. நமக்குக் கை வாகான பக்கம் ஆழமாக இழுத்து, வாகில்லாத பக்கம் லேசாக விட்டால் இரண்டு பக்கத்துப் பல்லும் நீளம் மாறிவிடும். வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைந்து போனால் காரணம் இதுதான். இருப்பதிலேயே குட்டையான பல் எது என்று பார்த்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு நிற்கிறது பாருங்கள், பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லை ராவ ராவ அதன் உயரம் குறையும், மேடு அப்படியே நிற்கும், செயின் கடிக்காமல் வழுக்கும். அதனால் நாலைந்து தடவை ராவியதும் அளவுத் தகடு வைத்துத் தட்டை அரத்தால் மேட்டைக் குறைக்க வேண்டும். பல்லின் உயரத்தைவிட 0.65 மில்லிமீட்டர் கீழே இருந்தால் சரி. வேகமாக வெட்டும் என்று சில பேர் அதை முழுக்க ராவித் தள்ளிவிடுகிறார்கள். அப்போது பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், மெஷின் அதிரும், கையை மீறித் துள்ளும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் லாரிப் பட்டறையில் கழித்துவிட்ட வேஸ்ட் ஆயிலைத்தான் பாருக்கு ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூள் இருக்கிறது. எண்ணெய் பம்பையும் பாரின் காடியையும் அது தின்றுவிடும். நாள் முழுக்கக் கையில் படுவது தோலுக்கும் கேடு. அதே எண்ணெய் தெறித்த கட்டையைத்தான் நாம் சமையல் அடுப்பில் வைக்கிறோம். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது என்ஜின் ஆயிலாவது ஊற்றுங்கள். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெட்டிய கட்டையின் வெள்ளை முகத்துக்கு நேராக பார் நுனியைப் படாமல் காட்டி மெஷினைக் கொஞ்சம் முடுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பதற்கு அந்தந்த மெஷினின் கையேட்டில் போட்டிருக்கும் கணக்கையே பிடியுங்கள். லிட்டருக்கு 20 மில்லி சொல்லும் மெஷினும் உண்டு, 40 மில்லி சொல்லும் மெஷினும் உண்டு. கண் அளவில் ஊற்றாதீர்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். கலந்து வைத்ததை மாதக்கணக்கில் கேனில் போட்டு வைத்தால் கார்புரேட்டர்தான் பாதிக்கப்படும். ஒரு வாரத்து வேலைக்குத் தேவையானதை மட்டும் கலப்பதே நல்லது.

இனி, பார் நுனியில் என்ன ஆபத்து என்பதைச் சொல்கிறேன். செயின் பாரின் மேல்பக்கத்தில் முன்னோக்கி ஓடி, நுனியில் வளைந்து கீழே இறங்குகிறது. நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது இடித்தால் பல் அங்கே கடித்துக்கொள்ளும். ஓடும் விசை முழுக்க பாரை மேலே, பின்னால், பிடித்திருப்பவர் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எங்களிடம் வேலை பார்த்த ஓர் அண்ணனுக்கு இது நடந்தது. முள் குவியலுக்குள் கிடந்த கிளை தெரியவில்லை. மெஷினின் முன்னால் இருக்கும் பிரேக் கைப்பிடி உடைந்திருந்தது; பழுது பார்த்த இடத்தில் அதை மாற்றாமல், அது இல்லாமலும் ஓடும் என்று கழற்றிவிட்டே கொடுத்திருந்தார்கள். கழுத்துக்குப் பக்கத்தில் தோள்பட்டையில் இறங்கியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கையை இன்றுவரை தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ரம்பத்தில் அந்தக் கைப்பிடி வெறும் தடுப்பு இல்லை. மெஷின் துள்ளும் வேகத்தில் தானே விழுந்து செயினை நிறுத்துவதற்காக வைத்தது. அது வேலை செய்யாத மெஷினைத் தொடவே கூடாது என்று அன்றிலிருந்து எங்கள் கடையில் சட்டம். காலையில் மெஷினைக் கிளப்பியதும் முதலில் பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டைக்குப் போவார்கள்.

கைலியும் ரப்பர் செருப்புமாக மெஷின் பிடிப்பதும் நிற்க வேண்டும். கருவை முள் ரப்பரைத் துளைத்து உள்ளே வந்துவிடும். முள் ஏறியதும் ஆள் கால் மாற்றுவார். அப்போது கையில் செயின் ஓடிக்கொண்டிருக்கும். தடித்த பூட்ஸ், இறுக்கமான கால்சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். நூறு டெசிபலுக்கு மேல் வரும் சத்தத்தை நாள் முழுக்கக் காதருகில் கேட்டால் செவி போகும். எங்கள் பக்கத்துப் பழைய வெட்டுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள், இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டும். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும், தலை பாரின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது. கட்டையைத் தரையில் போட்டு அறுக்காமல் கீழே இன்னொரு கட்டை கொடுத்துத் தூக்கி வைத்து அறுத்தால் பல்லும் மண்ணில் படாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மூலமாகச் சிலரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

மெஷின் விற்கும் கடைக்காரர்கள் பில்லில் வெறும் "செயின் சா 1" என்று எழுதாமல் பிட்ச், தடிமன், கண்ணி எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மரம் வெட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மெஷினோடு சரியான அளவில் இரண்டு வட்ட அரத்தையும் அளவுத் தகட்டையும் சேர்த்தே விற்க வேண்டும். எங்கள் ஊரில் செயின் நாலு கடையில் கிடைக்கிறது, 4.8 அரம் கேட்டால் மதுரைக்குப் போகச் சொல்கிறார்கள்.

கண்மாய்க் கருவையை ஏலம் விடும் அதிகாரிகளும் வேளாண்மைப் பொறியியல் துறையும், வெட்டு தொடங்கும் முன் அந்தந்த ஊரிலேயே ஒரு நாள் பயிற்சி வைக்கலாம். பெரிய மண்டபமெல்லாம் வேண்டாம். கண்மாய்க் கரையில் நாலு மெஷினும் ஒரு வைஸும் இருந்தால் போதும். பெண்களையும் கூப்பிடுங்கள். மூட்ட வேலையில் பாதிப் பேர் பெண்கள்தான். அரம் போடும் வேலைக்குப் பொறுமைதான் வேண்டும், அதைக் கற்றுக்கொண்டால் அவர்களுக்கு அது தனிக் கூலி. கூப்பிட்டால் நானும் வந்து சொல்லித் தரத் தயாராக இருக்கிறேன்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் ஒரு வாரம் செயின் பல்லின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். ஃபுல் சிசல், செமி சிசல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரம் பிடிக்கும் கோணத்தையும் முன்மேட்டின் அளவையும் குறித்து, வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி கட்டம் கட்டிப் போட்டால் நல்லது. கையேடுகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, எங்கள் வெட்டுக்காரர்கள் அதைப் பிரிப்பதே இல்லை. தமிழில் போட்டால் படிப்பார்கள்.

இப்படிக்கு,
விறகுக் கடை நடத்தும் வாசகி,
கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.